கரிநாள் விருந்தில் பேய்க்கணவாய்

திண்டிவனத்தில் எங்கள் தெருவில், நிலக்கடலை வியாபாரம் செய்கிற என்னை மல்லாட்டை மண்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். போன பொங்கலோடு அந்தப் பெயர் போய்விட்டது. இப்போது யாராவது என் வீட்டுக்கு வழி கேட்டால், "மாப்பிள்ளைக்குப் பேய்க்கணவாய் ஆக்கிப் போட்டாரே, அவரு வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுகிறார்கள். முதலில் கோபம் வந்தது. சொல்பவன் பொய்யா சொல்கிறான், நான் எதற்குக் கோபப்பட வேண்டும் என்று பிறகு விட்டுவிட்டேன். கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

பேய்க்கணவாய் என்றால் ஆக்டோபஸ்தான். எங்கள் பக்கம் கடற்கரைக்காரர்களே அதை விரும்பிச் சாப்பிட மாட்டார்கள். வலையில் வந்தால் தனியாக ஒதுக்கிக் கம்பெனிக்காரனிடம் தள்ளிவிடுவார்கள். நாங்களோ பெருமுக்கல் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கொஞ்சம் தாராளமான நாளில் இறால், அதோடு எங்கள் கடல் முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அது தலைப் பொங்கல் விருந்தாக நுழைந்ததென்றால் அதற்கு என் வாய்தான் காரணம். சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டுச் சொல்லக் கூடாததைச் சொல்லும் வாய்.

என் ஒரே மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. படித்தபோது, அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு ஒத்துக்கொண்டேன். பையன் தங்கமானவன். என்ன வேலை என்று கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கரையோரமாக முழங்கால் தண்ணீரில் நடந்து ஒரு பேய்க்கணவாயைத் தேடுகிறாராம். சாதாரணப் பேய்க்கணவாய்கூட இல்லை, அபூர்வமான ஒரு வகை. இந்தக் கரையில் அது இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம்.

கைபேசியில் படம் காட்டினார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. இரண்டு சிப்பி ஓடுகளைத் தேடிப் பிடித்து, நடுவில் உட்கார்ந்து, கதவைச் சாத்துவதுபோல் உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொள்ளுமாம். கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கண்கள், நீல வளையம் போட்டு.

"அது நெஜக் கண்ணு இல்ல மாமா. பெரிய மீனு வந்தா பயமுறுத்தறதுக்கு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு அந்தப் பிராணியைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண்டியில் உட்கார்ந்துகொண்டு, "என் மாப்பிள்ளை பேய்க்கணவாய் தேடறாரு" என்று எப்படிச் சொல்வது? வியாபாரிகள் சங்கத்துத் தலைவர் மருமகன் வங்கி மேனேஜர். எதிர் மண்டிக்காரர் மருமகன் என்ஜினீயர், அதுவும் துபாயில். நான் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"பையன் இன்னா பண்றாரு மச்சான்?"

"ஃபிஷரீஸ்ல ஆபீசரு" என்றேன்.

சட்டென்று வந்துவிட்டது. வந்த பிறகு அது நல்ல சொல்லாகவும் தெரிந்தது. மீனும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். என் மனைவிக்குத் தெரியும், பேசாமல் இருந்தாள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்து அவர்கள் விழுப்புரத்தில் வீடு எடுத்தார்கள். மகளுக்கு அங்கே ஒரு கல்லூரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேகவைத்த மல்லாட்டையைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். "தெனமும் வந்துடுவீங்களோன்னு பயமா இருக்குப்பா" என்று மகள் கிண்டல் செய்வாள். தினமும் போகத்தான் எனக்கு ஆசை. ஷேர் ஆட்டோவில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் நடக்கும்போதே அவள் சிரிப்புச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்த நேரத்தில், மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, மார்ச்சோட இவரு புராஜெக்ட் முடியுது. அதுக்குள்ள உயிரோட ஒண்ணு கெடச்சாதான் இங்க நீட்டிப்பாங்க. கெடைக்கலன்னா குஜராத் கரைக்குப் போவச் சொல்லிட்டாங்க. நானும் வேலைய வுட்டுட்டுக் கூடப் போய்டுவேன்."

குஜராத் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் மல்லாட்டை விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த ஊர்தான். அங்கே என் மகள் போய் உட்காருவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்தேன். மாப்பிள்ளைக்காக இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்காகத்தான். அந்தப் பேய்க்கணவாயை நானே பிடித்துக் கொடுத்துவிடுவது.

எங்கள் தெருமுனையில் மரக்காணத்துப் பக்கமிருந்து ஒரு மீன்காரம்மா காலை பஸ்ஸில் வந்து கடை போடுவார். பல வருஷப் பழக்கம். தன் ஊர்க் கரையில் வலை ஏறும்போதே நின்று பார்த்து வாங்குகிறவர். பொங்கலுக்கு முந்தின வாரம் அவரிடம் போனேன். மீன் வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், எல்லாம் தெரிந்த முகங்கள்.

"யம்மா, பேய்க்கணவாய் ஒண்ணு வேணும். சின்னதா இருக்கும். சிப்பிக்குள்ள ஒண்டிக்கினு இருக்கும். கண்ணுக்குக் கீழ நீலமா வளையம் இருக்கும் பாரு, அதுதான்."

"பேய்க்கணவாயா? அது இன்னாத்துக்குண்ணா? நம்ம சனம் யாரும் துன்னாதே!"

நின்றிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு என்று சொன்னால் யாருக்கு ஆராய்ச்சி என்பார்கள். மாப்பிள்ளைக்கு என்றால், ஆபீசர் என்றாயே என்பார்கள். ஒரு நொடிதான் யோசித்தேன்.

"கரிநாள் விருந்துக்கும்மா. மாப்பிள்ளை மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல எல்லாம் சாப்ட்டுப் பழகுனவரு. அவருக்கு அந்த ருசி புடிச்சிப் போச்சு."

உயிரோடு வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. உயிரோடு எதற்கு என்று கேட்பாரே என்ற பயத்தில், "புதுசா இருக்கணும், துடிக்கத் துடிக்க" என்று சொல்லி முடித்தேன். துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்தால் உயிர் இருக்கத்தானே செய்யும் என்பது என் கணக்கு.

"ஏங்கிட்ட சொல்லிட்ட இல்ல, வுடு. மாப்ள விருந்துன்னா சும்மாவா?" என்றார் அவர்.

நான் சும்மா இருக்கவில்லை. மண்டி வண்டியைக் கோட்டக்குப்பத்துக்கு அனுப்பி, கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குளியலறைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். மூட்டுவலிக்கு, கடல் தண்ணீரில் கால் வைத்தால் நல்லதாம் என்றேன். பொய் என்பது மல்லாட்டை மூட்டை மாதிரி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம், அடியில் இருப்பதை உருவாத வரைக்கும். என் திட்டம் இதுதான்: விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது, ஒரு பெரிய பேசினில் அதை உயிரோடு நீந்தவிட்டு மாப்பிள்ளை முன்னால் வைப்பேன். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தே பல ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் கறி வேகும் நாள். தலைப் பொங்கல் என்பதால் மாமனார் நேரில் போய் அழைத்து வர வேண்டும். "மீன்காரம்மா ஒண்ணு கொண்டாருவாங்க, வாங்கி வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விழுப்புரம் போய்விட்டேன். என்ன, ஏது என்று அவளிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவனுக்கு இந்த ஆச்சரியமெல்லாம் ஒரு கேடு.

திரும்பி வரும் வழியில் மாப்பிள்ளை பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "இந்த மாசம் ஓதம் நல்லா வத்தி, கடல் உள்ள வாங்குது மாமா. எப்படியும் பாத்துடுவேன்" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் மச்சான் குடும்பத்தோடு வந்து காத்திருந்தார். மரக்காணம் பக்கம் இறால் பண்ணை போட அவருக்கு யோசனை. ஆபீசர் மருமகன் கிடைத்தால் விடுவாரா? மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் இடம் பிடித்துக்கொண்டார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கேன்கள் வைத்தபடி இருந்தன. சமையலறையில் மனைவி ஆவி பறக்க நின்றாள். பேசுவதற்கு நேரமில்லாமல், "மீன்காரம்மா வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன். "வந்தாங்க, வந்தாங்க, நீங்க போய் எல போடச் சொல்லுங்க" என்றாள். எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நம்பி நானும் பந்திக்கு வந்துவிட்டேன்.

ஆட்டுக்கறிக் குழம்பு, நாட்டுக்கோழி வறுவல், வஞ்சிரம். அதற்கப்புறம் மனைவி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, "இது உங்களுக்குன்னே மாமா சொல்லி வெச்சது, கணவாய்த் தொக்கு" என்று மாப்பிள்ளை இலையில் வைத்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இவள் தனியாகக் கணவாய் மீனும் வாங்கிவிட்டு, பெருமைக்கு என் பேரைச் சொல்கிறாள் போல என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். மூன்றாவது துண்டை எடுத்தவர், வாயில் போடாமல் விரலால் மசாலாவை வழித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துண்டு முழுக்க, ஒட்டிப் பிடித்துக்கொள்கிற குட்டிக் குட்டி வட்டங்கள்.

"அத்தை, இது கணவாய் இல்லீங்களே. பேய்க்கணவாய்."

அதே நேரம் வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டது. கரிநாளில் பழகின வீடுகளுக்கு வந்து பொங்கல் புடவை வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். கூடத்தை எட்டிப் பார்த்தவர், மாப்பிள்ளை கையில் இருந்த துண்டைப் பார்த்துவிட்டார். அந்த அம்மா முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்!

"நல்லா கீதா மாப்ள? உங்க மாமா ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்தாரு. எங்க கரையில எத்தினி வலைங்க வந்து கொட்டுச்சு, எல்லாத்தையும் நானே கெளறிப் பாத்தேன். அவரு சொன்ன மாதிரியே, கண்ணுக்குக் கீழ இன்னும் ரெண்டு கண்ணு, நீலமா வளையம். சிப்பியக் கெட்டியா புடிச்சிக்கினு வுடவே மாட்டேன்னுச்சு. துடிக்கத் துடிக்கவே ஆஞ்சேன். கல்லுல அடிச்சி, தோல உரிச்சி, மஞ்சள் போட்டுக் கழுவி, அக்காவுக்கு ஒரு வேல வெக்கல!"

மீனை ஆய்ந்து கொடுப்பது என்பது எங்கள் ஊரில் வாடிக்கைக்காரருக்குச் செய்யும் மரியாதை. விருந்து வீடு என்றால் கேட்காமலே செய்வார்கள். அந்த மரியாதையை அவர் குறைவில்லாமல் செய்திருந்தார்.

மாப்பிள்ளை கையில் இருந்த துண்டை மெதுவாக இலையில் வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். அந்த வளையத்தை மாப்பிள்ளை எனக்குப் படத்தில் காட்டியபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். நான் தெரிந்தேதான் கேட்டிருக்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எதற்காகக் கேட்டேன் என்பது மட்டும் புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இலையில் இருந்த உப்பைத் தவிர வேறெதையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தோல எங்கம்மா போட்டீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"பின்னால தென்னமரத்தாண்டதான் போட்டேன், பூனைக்கு."

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கறி எலும்பு, வெங்காயத் தோல், மீன் செதில் எல்லாம் கிடந்த இடத்தில், தலைப் பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். பூனை ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா மச்சான் இது? ஆபீசரு போயி குப்பையக் கெளறிக்கினு கீறாரு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டார்.

மாப்பிள்ளை குந்தியபடியே திரும்பிப் பார்த்தார். "யாருங்க ஆபீசரு?"

"நீங்கதான். ஃபிஷரீஸ்ல ஆபீசருன்னு மச்சான் ஊரு பூரா சொல்லிக்கினு இருக்காரே."

"நான் ஆபீசர் இல்லீங்களே. இந்தப் பேய்க்கணவாயத்தான் மூணு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா சொல்லலீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். மண்டியில் எத்தனையோ பேரை வாய்ச் சண்டையில் மடக்கியிருக்கிறேன். அன்று அந்த இரண்டு சொல்லில் நான் மடங்கிவிட்டேன். நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. கடல் தண்ணீர் கேன்கள் எனக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. மனைவி அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூட்டுவலியின் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒரு துண்டுத் தோல் கிடைத்தது. அரை வளையம். நீலம் மங்கிச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. தோல் கெடாமல் இருக்க, கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரை மகள் எடுத்து வந்தாள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் போட்டு மூடினார்கள். மாப்பிள்ளை கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்தில், அதே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி தொக்கை எடுத்துவிடப் போனாள். "இருக்கட்டும் அத்தை, எலயில போட்டத மிச்சம் வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மீதியையும் சாப்பிட்டு முடித்தார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மச்சான் இறால் பண்ணையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த அரை வளையத்தால் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டது. அது எந்த இடத்துத் தண்ணீரில் இருந்தது, எந்த வலையில் வந்தது என்று மீன்காரம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லா வலையும் ஒரே குவியலாகக் கொட்டியதில் பொறுக்கியது. உயிரோடு ஒன்று, அதுவும் அது வாழும் இடத்தில் வேண்டும் என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளை மாசி முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தார். உண்மையைத் தெரிந்துகொண்ட மீன்காரம்மா அழுதேவிட்டார். அவரும் ஊரெல்லாம் சொல்லி வைத்துப் பார்த்தார். இன்னொன்று கிடைக்கவில்லை.

சித்திரையில் விழுப்புரம் ஜங்ஷனில் அவர்களை ரயில் ஏற்றினேன். மாப்பிள்ளை, "விடுங்க மாமா. இந்தப் படிப்புப் படிக்கிறவங்கள்ல அதோட ருசி தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிகளை ஏற்ற அவர் உள்ளே போனதும் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உயிரோட வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லப்பா?"

"எதுக்குன்னு கேட்டிருப்பாங்கம்மா" என்றேன்.

"கேட்டா இன்னாப்பா?" என்றாள். பிறகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் நகரும் வரை பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேன்களில் இருந்த கடல் தண்ணீரை என்ன செய்வதென்று வெகுநாள் தெரியவில்லை. தென்னைக்கு ஊற்ற மனைவி விடவில்லை, முருங்கைக்கும் ஆகாதாம். கடைசியில் அதே வண்டியில் ஏற்றிக் கோட்டக்குப்பத்துக்கே கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டு வரச் சொன்னேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த முறை பொய் சொல்லவில்லை. எதற்காகக் கொண்டுவந்தேன் என்பதை முழுசாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கேன்களை ஏற்றினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. மீன்காரம்மாவிடம் போய் நிற்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பயம். ஐஸில் விறைத்துக் கிடக்கும் சங்கராவைக் காட்டினாலும் என்னிடம் மட்டும் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள்தான் சிரிக்கிறார்கள்.

"உயிரோட எதுனா வேணுமாண்ணா, இல்ல ஆஞ்சே குடுத்துடட்டா?"

"ஆஞ்சே குடும்மா" என்கிறேன். "உயிரோட வாங்கிக்கறவங்க இப்ப இங்க இல்ல."